செக்கு வீட்டுச் சம்பந்தம்

அந்த வருஷம் மழை முந்திக்கொண்டது. அக்ரூட் காய்களின் பச்சைத் தோல் வெடிக்கத் தொடங்கிய வாரத்திலேயே மேகம் மலையிலிருந்து இறங்கி வந்து மரங்களுக்கு இடையில் உட்கார்ந்துகொண்டது. தஷ்புலாக் ஊரில் புகை எழுந்த வீடுகளைவிடப் பூட்டிக் கிடந்த வீடுகளே அதிகம். எல்லோரும் கழுதைமேல் கம்பளியும் கொப்பரையும் ஏற்றிக்கொண்டு, கோழிகளைக் கூடையில் அடைத்துக்கொண்டு, காட்டுக்குள் வந்து கூடாரம் போட்டிருந்தார்கள். பனி விழுவதற்குள் கொட்டையெல்லாம் தரைக்கு வந்தாக வேண்டும். அடுத்த வருஷம் வரைக்கும் மாவு, விறகு, நல்லது, கெட்டது எல்லாம் அதில்தான்.

கம்பரலி மரமேறி. ஈரக் கிளையில் வெறுங்காலோடு நின்று, மேல்கிளையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, கீழ்க்கிளையை மிதித்து உலுக்குவான். காய்கள் கல்மாரி மாதிரி சடசடவென்று விழும். கீழே அவன் மனைவி இனோபத்தும் அக்கா ரஹ்பரும் தலையில் கம்பளித் துண்டைச் சுற்றிக்கொண்டு, இலைச் சருகுக்குள் கைவிட்டுத் துழாவிப் பொறுக்குவார்கள். தோலைக் காலால் நசுக்கி உரிப்பார்கள். அந்தத் தோலின் சாறு பட்டால் கை கறுத்துவிடும். சோப்போ சாம்பலோ எதற்கும் அது போகாது. குளிர்காலம் பாதி கழியும்வரை ஊரில் அத்தனை பேர் கையும் கரிக்கைதான்.

காடு முழுக்கத் தேடினாலும் வெள்ளைக் கையோடு இருந்தவள் இனோபத்தின் மகள் ஹுமோரா ஒருத்திதான்.

அவளுக்கென்று தனியாக, காற்று வரும் பக்கமாகச் சற்று மேட்டில் ஒரு சின்னக் கூடாரம். அங்கேதான் சமையல். இனோபத் அந்த மேட்டுக்கு ஏறுவதற்கு முன் ஓடையில் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவுவாள், மேலங்கியைக் கழற்றி ஒரு கிளையில் மாட்டிவிட்டு வேறொன்றைப் போட்டுக்கொள்வாள். ஹுமோராவின் மாவுத் துணி தனி, கத்தி தனி, கிண்ணம் தனி. பக்கத்துக் கூடாரத்துப் பெண்கள் இதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்து அலுத்துவிட்டார்கள். "ராணியம்மா எந்திரிச்சாச்சா?" என்று கேட்பார்கள். அக்ரூட் காட்டில் பிறந்து அக்ரூட்டைத் தொடாதவள். மீன் பிடிக்கிறவன் வீட்டில் பிறந்து தண்ணீரைக் கண்டு ஓடுகிறவள் மாதிரி என்று ஒருத்தி சொன்னாள்.

ஹுமோராவுக்குப் பால் பல் விழுந்துகொண்டிருந்த வயதில் அது முதலில் வந்தது. இனோபத் புதுக் கொட்டையை இடித்துத் தேனில் குழைத்து விரலால் எடுத்து ஊட்டினாள். கொஞ்ச நேரத்தில் பிள்ளை உதட்டைச் சொறிந்தாள். பிறகு கண் இமை வீங்கி மூடிக்கொண்டது. பிறகு அழுகைச் சத்தம் மெலிந்து, விசில் மாதிரி ஆகி, அதுவும் நின்றுபோயிற்று. அந்த நேரத்தில் மூட்டை ஏற்ற வந்த லாரி ஒன்று வாசலில் நின்றது. அதில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். நகரத்து ஆஸ்பத்திரியில் ஊசி போட்டதும் நீலம் பாரித்த முகம் மெல்ல மெல்லச் சிவந்தது. இரண்டாவது தடவை அவள் பெரிய பெண் ஆன பிறகு, ஒரு சாவு வீட்டு விருந்தில். அக்ரூட் போட்ட பாத்திரத்தில் விட்ட கரண்டியையே சூப்பிலும் விட்டிருந்தார்கள். அன்றைக்கு இனோபத்தே ஊசி போட்டாள். ஊர் நர்ஸ் சொல்லிக்கொடுத்திருந்தாள். அன்று முதல் மருந்துக் குப்பியும் ஊசியும் ஒரு கம்பளிப் பையில் இனோபத்தின் சட்டைக்குள்ளே தொங்கின.

இப்போது ஹுமோராவுக்கு வரன் வந்திருந்தது. கீழூரில் செக்கு வைத்திருக்கும் குடும்பம். பையன் ஓய்பெக், காட்டிலிருந்து மூட்டைகளை இறக்கும் லாரி ஓட்டுகிறவன். இரண்டு பருவமாக இந்தப் பக்கம் மட்டும் அவன் லாரிக்கு ஏதாவது ரிப்பேர் வந்துகொண்டே இருந்தது. மேட்டுக் கூடாரத்தில் தண்ணீர் கேட்பான், ஸ்பானர் இருக்கிறதா என்று கேட்பான். ஹுமோரா அவனுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுப்பதை இனோபத் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள். பையன் நல்லவன். குடும்பமும் நல்ல குடும்பம். ஆனால் அந்த வீட்டு முற்றத்தில் குதிரை சுற்றி இழுக்கும் செக்கில் ஆட்டுவது அக்ரூட் எண்ணெய். அந்த வீட்டில் ரொட்டிக்கும் அதுதான், சோற்றுக்கும் அதுதான், தலைக்கும் அதுதான்.

பெண் வீட்டில் ரொட்டி உடைத்துச் சம்பந்தம் உறுதி செய்ய மறுநாள் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இனோபத்துக்குக் காலையிலிருந்தே எதுவும் ஓடவில்லை. உப்புத் தேநீரில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். பொறுக்கிய கொட்டையைக் கூடையில் போடாமல் தரையில் போட்டாள். ரஹ்பர் அதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாள். தம்பி வீட்டோடு இருக்கும் விதவை. இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்தவளும் அவள்தான்.

"இனோபத், நாளைக்கு உன் வாயை மட்டும் கொஞ்சம் கட்டிவை," என்றாள். "போன வருஷம் மாதிரி ஆரம்பிச்சிராதே."

"போன வருஷம் நான் என்ன பொய்யா சொன்னேன்?"

"பொய் சொன்னேன்னு யாரு சொன்னா? வந்தவங்க உட்கார்றதுக்கு முன்னாடியே, எங்க பொண்ணு இதைத் தின்னா செத்துருவான்னு ஆரம்பிச்சே. அவங்க தேநீர்கூடக் குடிக்கல. எந்திரிச்சுப் போனவங்க இன்னிக்கு வரைக்கும் எங்கே பார்த்தாலும் வேற பக்கம் பார்த்துட்டுப் போறாங்க."

"கேட்டுட்டுப் போனது நல்லதுதானேக்கா. தெரியாம கட்டிக்கொடுத்து..."

"எனக்கும்தான் பால் ஒத்துக்காது. ஒரு கிண்ணம் குடிச்சா வயிறு பறை மாதிரி ஆயிரும், விடியுற வரைக்கும் கொல்லைக்கும் வீட்டுக்கும் நடைதான். அதைச் சொல்லியா என்னைக் கட்டிக்கொடுத்தாங்க? போன இடத்துல மெல்ல மெல்லச் சமாளிச்சுக்கிட்டேன். பொண்ணுன்னா சமாளிக்கணும்."

இனோபத் கூடையை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "அக்கா, உங்களுக்குப் பால் செரிக்கல. வலிக்கும், போகும், மறுநாள் எந்திரிச்சு மாடு கறக்கப் போயிருவீங்க. ஒரு வாய் குடிச்சா ஒண்ணும் ஆகாது, ஒரு கிண்ணம் குடிச்சாத்தான் தொந்தரவு. இவளுக்கு அப்படி இல்ல. டாக்டர் என்ன சொன்னாரு? வந்தது விருந்தாளின்னு தெரியாம காவல் நாய் வீட்டையே புரட்டிப்போட்டுருதுன்னு சொன்னாரா இல்லையா? இவ உடம்புக்குள்ள இருக்கிற நாய் அப்படி. அதுக்குக் கொஞ்சம் நிறையன்னு கணக்குக் கிடையாது. துளி போதும்."

"அந்த டாக்டருக்கு என்ன, சொல்லிட்டுப் போயிட்டான். இங்கே ஊருக்குள்ள குடியிருக்கிறது நாம."

மேலேயிருந்து கம்பரலி குரல் கொடுத்தான். "அக்கா சொல்றதைக் கேளு இனோபத். நாமளா போய்ச் சொல்ல வேணாம். கல்யாணம் ஆகட்டும், பையன்கிட்ட மெதுவா அவளே சொல்லிக்குவா. அவளுக்குப் புத்தி இல்லையா?"

சாயங்காலம் மாவு பிசைந்துகொண்டிருந்த மகளிடம் இனோபத் கேட்டாள்.

"அவனுக்குத் தெரியுமாடி?"

ஹுமோரா தலை நிமிராமல் சொன்னாள். "நான் அக்ரூட் தின்ன மாட்டேன்னு தெரியும். இந்தக் காட்டுலயே கிடந்து அலுத்துப்போச்சுன்னு நினைச்சுக்கிட்டு இருக்காரு. அவருக்கும் அலுத்துப்போச்சாம்." அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு நின்றது. "அம்மா, நாளைக்கு நீ ஒண்ணும் சொல்லாதே. நான் பார்த்துக்கிறேன்."

மறுநாள் மழை சற்று விட்டிருந்தது. மூன்று பெண்கள் குதிரைவண்டியில் வந்தார்கள். முன்னால் இறங்கியவள் பையனின் தாய் சனோபர். நெட்டையான, நிமிர்ந்த உடம்பு. புருஷனுக்கு முதுகு போன பிறகு செக்கை அவள்தான் நடத்துகிறாள் என்று ஊரே சொல்லும். அதிகம் பேசமாட்டாள். அவள் கை மட்டும் கறுப்பில்லை. எண்ணெயில் ஊறி ஊறி விரல்கள் மெழுகு தடவினாற்போல மினுங்கின.

மேட்டுக் கூடாரத்தில் விரிப்பு போட்டு, ரொட்டி, ஆப்பிள், உலர்ந்த பாதாமி, ஆட்டுக் கறிச் சோறு எல்லாம் பரப்பியிருந்தது. பக்கத்துக் கூடாரக்காரிகள் இரண்டு பேர் உதவிக்கு வந்திருந்தார்கள். உதவி ஒரு சாக்கு. தட்டு வைக்கிற சாக்கில் வந்தவர்களின் துணியை விரலால் தடவிப் பார்த்தார்கள். ஹுமோரா தலைத்துணியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். ரஹ்பர் பேசிக்கொண்டே இருந்தாள். மழையைப் பற்றி, விலையைப் பற்றி, தன் தம்பி எந்த மரத்தில் ஏறினாலும் வழுக்கியதில்லை என்பதைப் பற்றி.

சனோபர் தன் மூட்டையை அவிழ்த்தாள். உள்ளே வட்டமான பெரிய ரொட்டி. நடுவில் பூ அச்சுக் குத்தியிருந்தது, மேலே தங்கம் மாதிரி பளபளத்தது.

"நானே சுட்டேன்," என்றாள். "இந்த வருஷத்து முதல் ஆட்டலை மேலே தடவியிருக்கேன். நல்ல காரியத்துக்குத்தான் முதல் எண்ணெயை எடுக்கிறது எங்க வீட்டு வழக்கம்."

இனோபத்துக்கு அந்த வாசனை மூக்கில் ஏறியது. மற்ற நாளில் அவளுக்கு அது பிடித்த வாசனைதான். இப்போது அவள் கை சட்டைக்குள் தொங்கிய மருந்துப் பையைத் தேடியது. ரஹ்பர் அவள் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

வந்தவர்களில் மூத்தவள் பிஸ்மில்லா சொல்லி ரொட்டியை இரண்டாக உடைத்தாள். எல்லோரும் கையேந்தி துஆ கேட்டு முகத்தைத் தடவிக்கொண்டார்கள். பக்கத்துக் கூடாரக்காரி, "நல்லபடியா உடைஞ்சிருக்கு, நல்ல சம்பந்தம்," என்றாள். சனோபர் ஒரு துண்டைப் பிய்த்துக்கொண்டு முழங்காலிட்டபடியே நகர்ந்து ஹுமோராவின் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"வாயைத் திற மகளே. எங்க வீட்டு முதல் வாய்."

ஹுமோரா உதட்டை இறுக்கிக்கொண்டாள். தலை இன்னும் குனிந்தது.

"வெக்கம்," என்றாள் ரஹ்பர் அவசரமாக. "ரொம்ப வெக்கம் எங்க பொண்ணுக்கு. கையில குடுங்க, அப்புறமா சாப்பிடுவா."

"என் கையாலதான் குடுப்பேன்," என்றாள் சனோபர் சிரித்தபடி. "ஒரு வாய்தானே."

ஹுமோரா கண்ணை மட்டும் தூக்கித் தாயைப் பார்த்தாள். பிறகு அவள் உதடு பிரிந்தது. எப்படி எழுந்தாள், எப்படி நகர்ந்தாள் என்று இனோபத்துக்கே தெரியவில்லை. சனோபரின் மணிக்கட்டு அவள் பிடிக்குள் இருந்தது. ரொட்டித் துண்டு விரிப்பில் விழுந்தது.

ரொட்டி கீழே விழுவது சின்ன விஷயமில்லை. வந்தவர்களில் ஒருத்தி அதைக் குனிந்து எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"என்ன இது?" என்றாள் சனோபர்.

"அக்கா, மன்னிச்சுக்கங்க. அவ அதைச் சாப்பிடக்கூடாது. அக்ரூட் அவளுக்கு ஆகாது. எண்ணெயும் ஆகாது. தொண்டை அடைச்சுக்கும். ரெண்டு தடவை சாகக் கிடந்து பிழைச்சிருக்கா."

"சின்னப் பிள்ளையில ஏதோ ஆச்சு," என்று ரஹ்பர் குறுக்கே வந்தாள். "இப்போ ஒண்ணுமில்ல. இவதான் சும்மா பயந்துக்கிட்டு..."

"ஒண்ணுமில்லாம இல்லக்கா. இருக்கு. சாகுற வரைக்கும் இருக்கும்." இனோபத் சனோபரின் பக்கம் திரும்பினாள். "உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும். சொல்லல. தப்புதான். எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"எங்க எண்ணெய் உங்க பொண்ணுக்கு விஷம்," என்றாள் சனோபர். கேள்வியாகவும் இல்லை, கோபமாகவும் இல்லை.

"எங்க எல்லாருக்கும் சோறு போடுறதே அதுதான். அவளுக்கு மட்டும் அப்படி."

சனோபர் ஹுமோராவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "முகம் வீங்குமா?" என்று கேட்டாள்.

"வீங்கும். முதல்ல உதடு, அப்புறம் கண்ணு."

சனோபரின் முகத்தில் ரத்தம் வற்றிப்போனதை எல்லோரும் பார்த்தார்கள். அவள் தன் மூட்டைத் துணியை இழுத்து விரித்தாள். உடைத்த ரொட்டியின் இரண்டு பாதிகளையும் விழுந்த துண்டையும் துணியில் வைத்து முடிந்தாள். எழுந்து வெளியே போனாள். கூட வந்தவர்கள் செருப்பைத் தேடிக்கொண்டு பின்னால் ஓடினார்கள். கறிச்சோற்றை ஒருவரும் தொடவில்லை.

அதற்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஈர மரத்தில் ஏற முடியாது என்று கம்பரலி கூடாரத்துக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மனைவியோடு பேசவில்லை. ரொட்டி வேண்டும் என்றால் அக்காவிடம், "ரொட்டி இருக்கான்னு கேளு," என்பான். ஈரக் கொட்டைகள் பூஞ்சை பிடிக்காமல் இருக்க இனோபத் அடுப்பு ஓரத்தில் பரப்பிப் பரப்பித் திருப்பிக்கொண்டிருந்தாள். உட்கார்ந்தால் எழுந்துகொள்ளத் தோன்றியது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. கூடாரத் துணியை விலக்கிப் பாதையைப் பார்ப்பாள். பாதையில் தண்ணீர்தான் ஓடும். ஓய்பெக்கின் லாரி இந்தப் பக்கம் வரவே இல்லை. மூட்டைகளை வேறொருவன் வந்து ஏற்றிக்கொண்டு போனான்.

யாருக்கும் ஒன்று விளங்கவில்லை. சம்பந்தம் ஆயிற்றா, ஆகவில்லையா? ரொட்டி உடைந்துவிட்டது, துஆவும் ஆகிவிட்டது. உடைத்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனவர்கள் அந்த மலையில் இதற்கு முன் கிடையாது. பக்கத்துக் கூடாரங்களில் இதே பேச்சு. ஆச்சு என்றாள் ஒருத்தி. அதெப்படி, பெண் வாயில் படவே இல்லையே என்றாள் இன்னொருத்தி.

"வாயில ஒரு வாய் வாங்கித் துப்பியிருந்தா முடிஞ்சுபோயிருக்கும்," என்றாள் ரஹ்பர். "செத்தா போயிருப்பா?"

"ஆமாக்கா," என்றாள் இனோபத். "செத்துப்போயிருப்பா."

ரஹ்பர் அடுப்பு ஓரத்துக் கொட்டைகளைத் திருப்பத் தொடங்கினாள். அவளும் அந்த லாரியில் பிள்ளையின் காலைப் பிடித்துக்கொண்டு போனவள்தான்.

மகள் என்ன நினைக்கிறாள் என்றுதான் இனோபத்துக்குத் தெரியவில்லை. ஹுமோரா வழக்கம்போலச் சமைத்தாள், ஆட்டுக்குத் தழை போட்டாள். ஒரு மத்தியானம் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே சொன்னாள்.

"அன்னிக்கு நீ கையைப் பிடிக்கலன்னா நான் கடிச்சிருப்பேன்."

"என்ன சொல்றே?"

"கொஞ்சம்தானே, முழுங்காம நாக்குக்கு அடியில வச்சுக்கலாம்னு நினைச்சேன். அந்தம்மா அவ்வளவு ஆசையா நீட்டினாங்க. எப்படி வேணாம்னு சொல்றது? எல்லாரும் பார்த்துக்கிட்டு இருக்காங்க. மாமியார்கிட்ட முதல் வார்த்தையே வேணாம்னா?"

இத்தனை வருஷமாக இனோபத் கரண்டியையும் கத்தியையும் துணியையும் காபந்து பண்ணியிருக்கிறாள். இந்த ஒரு இடத்தை யோசிக்கவே இல்லை. கூச்சத்தில் மகள் வாய் திறந்துவிடுவாள் என்று தோன்றவே இல்லை.

மழை விட்ட அன்று காலையில் கம்பரலி மரத்தில் ஏறினான். ஓடைப் பக்கமிருந்து ஒரு குதிரை ஏறி வந்தது. மேலே சனோபர், தனியாக. இடுப்புவரை சேறு தெறித்திருந்தது. ரஹ்பர் கையிலிருந்த சாக்கைப் போட்டுவிட்டு, "திருப்பிக் குடுக்க வந்துட்டா போல," என்று முணுமுணுத்தாள். எதைத் திருப்பிக் கொடுக்க என்று அவளுக்கே தெரியாது.

சனோபர் இறங்கிக் குதிரையைக் கட்டினாள். யாரிடமும் நலம் விசாரிக்கவில்லை. இனோபத்துக்கு எதிரே ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"உன் பொண்ணு ரெண்டு தடவை சாகக் கிடந்தான்னு அன்னிக்குச் சொன்னியே. முதல் தடவை. அதை முதல்ல இருந்து சொல்லு. எதையும் விட்டுறாதே."

இனோபத் சொன்னாள். தேன், விரல், உதட்டைச் சொறிந்தது, இமை. சனோபர் ஒவ்வொன்றுக்கும் நிறுத்தினாள்.

"உடம்புல தடிப்பு?"

"கழுத்துல, வயித்துல. செந்தட்டிச் செடி பட்ட மாதிரி."

"வாந்தி எடுத்தாளா?"

"ஒரு தடவை."

"அப்புறம் குரல்?"

"குரல் மெலிஞ்சுபோச்சு. விசில் மாதிரி. அப்புறம் சத்தமே இல்ல."

சனோபர் மினுங்கும் விரல்களைக் கோத்து இறுக்கினாள். "எனக்கு ஓய்பெக்குக்கு முன்னாடி ஒரு பொண்ணு," என்றாள். "ஊர்ல பாதிப் பேருக்கு மறந்துகூடப் போயிருக்கும். தவழ ஆரம்பிச்சிருந்தா. அந்த வருஷத்து முதல் எண்ணெயை நாக்குல ஒரு சொட்டு வச்சேன். வாயைச் சுத்திச் சிவந்துச்சு. பல் முளைக்குது போலன்னு நினைச்சேன். கொஞ்ச நாள் கழிச்சு ரொட்டியை எண்ணெய்ல ஊறவச்சு ஊட்டினேன். நீ சொன்னே பாரு, உதடு, கண்ணு, விசில். எல்லாம் அதே வரிசை. வெயில் ஏறுறதுக்குள்ள போயிட்டா."

ரஹ்பர் கிட்டே வந்து நின்றாள்.

"ஜின் அடிச்சிருச்சுன்னாங்க. சாம்பல்ல ஜின் குடியிருக்குமாம். முந்தின நாள் பொழுது சாயற நேரத்துல நான் பிஸ்மில்லா சொல்லாம அடுப்புச் சாம்பல்ல வெந்நீர் ஊத்திட்டேன். அதுதான் காரணம்னு என் மாமியா சொன்னாங்க. நானும் நம்பினேன். இந்த நாள் வரைக்கும் எங்க வீட்டுச் சாம்பல் குழி இருக்கிற பக்கம் நான் போனதில்ல. சுத்திக்கிட்டுத்தான் போவேன். அன்னிக்கு நீ பேசினதும்..." அவள் நிறுத்தினாள். "வீட்டுக்குப் போய் நர்ஸைக் கேட்டேன். அப்படியும் இருக்கலாம்னு சொல்றா. இத்தனை வருஷம் கழிச்சு யாராலயும் உறுதியா சொல்ல முடியாதாம்."

"இருக்கலாம்க்கா," என்றாள் இனோபத் மெதுவாக.

"அப்போ சாம்பல்ல ஒண்ணுமில்ல. நான் ஊட்டினதுதான். என் கையால ஊட்டினதுதான்."

இனோபத் கறுத்துப்போன தன் கைகளைப் பார்த்தாள். "நானும் என் கையாலதான் ஊட்டினேன்," என்றாள். "எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. எங்க வாசல்ல அன்னிக்கு ஒரு லாரி நின்னுச்சு. உங்க வாசல்ல நிக்கல. வேற ஒரு வித்தியாசமும் இல்லக்கா."

சனோபர் அழவில்லை. தலைத்துணியின் நுனியை வாயில் கடித்துக்கொண்டாள். பிறகு, "அவ பேரு நஃபோசத்," என்றாள். ரஹ்பர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் கையை வைத்தாள்.

தேநீர் கொண்டுவரச் சொல்லி இனோபத் மேட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். தேநீரும் பாதாமித் தட்டும் வந்த பிறகுதான் சனோபர் சம்பந்தப் பேச்சை எடுத்தாள்.

"என் புருஷன் வேணாம்னு சொல்றாரு. செக்கு வீட்டுக்கு இப்படி ஒரு பொண்ணான்னு. ஓய்பெக் இவளைத்தான் கட்டுவேன், இல்லன்னா லாரியை எடுத்துக்கிட்டு ரஷ்யாவுக்குப் போயிருவேன்னு நிக்கிறான். நான் இன்னும் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லல. செக்கை நிறுத்த முடியாது, எங்க பிழைப்பு அது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் எங்களுக்கு ஒரு ரெண்டு அறை வீடு இருக்கு, வைக்கோல் போட்டு வச்சிருக்கோம். அதைச் சுத்தம் பண்ணி, சுண்ணாம்பு அடிச்சு, அங்கே தனியா வச்சா சரிப்படுமா?"

"தனி அடுப்பு வேணும்," என்றாள் இனோபத்.

"தனி அடுப்பு."

"ஓய்பெக் வேலை முடிஞ்சு வந்தா வெளியிலயே கை கழுவி, சட்டை மாத்திட்டுத்தான் உள்ளே போகணும்."

"மாத்துவான். மாத்தலைன்னா நான் மாத்த வைக்கிறேன்."

"ஊசி போட ஒருத்தராவது கத்துக்கணும். ரெண்டு பேரா இருந்தா நல்லது."

"நானும் அவனும் கத்துக்கிறோம்."

"விருந்து, கல்யாணம், சாவு, எங்கே போனாலும் அவ அவளோட சாப்பாட்டைத் தனியா எடுத்துக்கிட்டுத்தான் போவா. ஊர் பேசும்."

"என் பொண்ணு போன அன்னிக்கு ஊர் எனக்கு என்ன பண்ணுச்சு?" என்றாள் சனோபர். குரல் முதல்முறையாகச் சற்று உயர்ந்தது.

இவ்வளவும் கேட்டும் இனோபத்தின் மனம் அடங்கவில்லை. "அக்கா, இதெல்லாம் நாம பார்த்துக்கலாம். எனக்குப் பயமா இருக்கிறது வேற. அன்னிக்கு நான் பிடிக்கலன்னா அவ கடிச்சிருப்பாளாம். உங்களுக்கு மரியாதைக் குறைச்சல் ஆயிரும்னு."

சனோபர் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். மேட்டுப் பக்கம் திரும்பி, "ஹுமோரா, இங்கே வா," என்றாள். ஹுமோரா தலைத்துணியை இழுத்துக்கொண்டு வந்து, மருமகள்கள் செய்வதுபோல மார்பில் கையை வைத்துக் குனிந்து நின்றாள். கொட்டை கிடந்த இடத்துக்கு எட்டியே நின்றாள். சனோபரும் எழுந்து கிட்டே போகாமல் எட்டியே நின்றாள். தட்டிலிருந்து ஒரு பாதாமியை எடுத்து நீட்டினாள்.

"இதைச் சாப்பிடு."

ஹுமோரா கையை நீட்டினாள்.

"இல்ல. வேணாம்னு சொல்லு."

"அத்தை?"

"நான் குடுக்கிறேன். நான்னு இல்ல, என் புருஷன் குடுக்கலாம், பள்ளிவாசல் ஹஜ்ரத் குடுக்கலாம், மணமேடையில கிழவி ஒருத்தி அழுதுக்கிட்டே குடுக்கலாம். யாரு குடுத்தாலும் உள்ளே என்ன இருக்குன்னு உனக்குத் தெரியாதுன்னா வேணாம்னு சொல்லணும். முதல்ல என்கிட்ட சொல்லிப் பழகு. சாப்பிடு மகளே, ஒரு வாய்தானே."

ஹுமோராவின் உதடு அசைந்தது.

"கேக்கல."

"வேணாம்," என்றாள் தரையைப் பார்த்து.

"தரை உனக்கு ஒண்ணும் குடுக்கல. என் முகத்தைப் பாரு. சாப்பிடு, நான் ஆசையா கொண்டுவந்தேன். சாப்பிடலைன்னா எனக்கு மனசு கஷ்டமாயிரும்."

"வேணாம் அத்தை."

"இன்னும் சத்தமா. கூட்டத்துல யாருக்குக் கேக்கும் இது?"

ஹுமோரா தாயைப் பார்த்தாள். இனோபத் தலையசைத்தாள். பெண் மூச்சை இழுத்தாள். முகமெல்லாம் சிவந்து, கண்ணில் தண்ணீர் முட்ட, "வேணாம். எனக்கு வேணாம் அத்தை," என்று கத்தினாள். ஓடைக்கு அந்தப் பக்கம் கட்டியிருந்த கழுதை காதைத் தூக்கியது. பக்கத்துக் கூடாரத்துத் துணிகள் விலகி, தலைகள் எட்டிப் பார்த்தன.

"இன்னொரு தடவை," என்றாள் சனோபர். அவள் கன்னத்தில் கண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. நீட்டிய கையை மட்டும் மடக்கவில்லை.

மரத்தின் உச்சியில் உலுக்கல் நின்றது. இலைகளுக்குள்ளிருந்து கம்பரலியின் குரல் கேட்டது.

"என்ன சத்தம் கீழே?"

ரஹ்பர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். "உன் மக மாமியாரை எதிர்த்துப் பேசுறா."

கிளையை விலக்கிக்கொண்டு கம்பரலி எட்டிப் பார்த்தான்.

"அந்தம்மா என்ன சொல்லுது?"

"இன்னும் சத்தமாப் பேசச் சொல்லுது."